இறந்தகால வினைத்திரிபும் ஐபீரிய இலக்கண மரபும்

தமிழ் இலக்கண நூல்களுள் எதனைப் புரட்டினும், வினைச்சொற்களை ஒழுங்குடையன, ஒழுங்கில்லன என இருகூறாக்கும் பாகுபாட்டைக் காண்டல் அரிது. தொல்காப்பியனார் வினையியலில் அவ்வாறு கூறினாரல்லர். பவணந்தியாரும் கூறினாரல்லர். இலத்தீன் வழிவந்த இசுப்பானியம், போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளின் இலக்கணமோ அப்பாகுபாட்டையே முதற்படியாகக் கொண்டு தொடங்குகின்றது. இன்று தமிழைப் பிறமொழியாளர்க்குக் கற்பிப்போர் பலர் வினைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இறந்தகால வடிவையும் மனப்பாடம் செய்விக்கின்றனர். நம் இலக்கணங்களில் இல்லாத இம்முறை யாங்ஙனம் தோன்றிற்று என்பதும், அதனால் தமிழாராய்ச்சி பெற்றதும் இழந்ததும் யாவை என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

வரலாறு முத்துக்குளித்துறையில் தொடங்குகின்றது. 1535-ஐ அடுத்த சில ஆண்டுகளில் அக்கரையின் பரதவர் பெருந்தொகையினராய்க் கிறித்துவம் தழுவினர். 1542-இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார் நவார நாட்டினர். உரோமாபுரிக்கு அவர் விடுத்த மடல்களிற் பல இசுப்பானிய மொழியில் அமைந்தவை. அவர் தமிழை இலக்கணவழிக் கற்றவரல்லர். மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டு செபங்களைத் தமிழில் ஆக்குவித்து, அவற்றை நெட்டுருச் செய்து ஓதி வந்தார். 1544-இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில், விசுவாச மந்திரத்தில் 'வேணும்' என்னும் சொல் நிற்குமிடத்தில் 'விசுவாசம்' என்னும் சொல்லை அமைக்குமாறு பணிக்கின்றார். முன்னது 'விரும்புகிறேன்' என்னும் பொருளும், பின்னது 'நம்புகிறேன்' என்னும் பொருளும் தருமென்பது அவர் கண்ட காரணம்.

இச்சிறு திருத்தம் இலக்கண ஆராய்ச்சியாளர்க்குச் சுவை மிக்கது. 'வேண்டும்' என்பது இடமும் எண்ணும் காட்டாமல் எல்லார்க்கும் ஒருபடித்தாய் நிற்கும் சொல். எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவர்க்கு வேண்டும் என நான்காம் வேற்றுமைப் பெயரோடு இயையுமேயன்றி, 'நான்' என்னும் எழுவாயோடு இப்பொருளில் இயையாது. இதன் இறந்தகாலம் கேட்பின் 'வேண்டியிருந்தது' எனச் சுற்றிச் சொல்லல் வேண்டும். 'வேண்டினேன்' என்றால் பொருளே மாறி இரந்தமையைக் குறிக்கும். இலத்தீன் மந்திரத்தின் முதற்சொல்லோ தன்மை ஒருமை விகுதியைத் தன்னுள் அடக்கிய முழுமையான வினைமுற்று. தன்மை வினைமுற்றைத் தேடியவர்க்குக் கிடைத்தது, முதலில், இடம் காட்டாத ஒரு சொல். அடுத்து, வினையே அல்லாத ஒரு பெயர். தமிழ் வினையின் திரிபினை அறியாமல் ஒரு வரியையும் நம்பிக்கையோடு மொழிபெயர்க்க இயலாது என்பது அக்கரையில் அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

அக்குறையை நீக்கப் புகுந்தவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் வழங்கும் என்றீக்கே என்றீக்கசு என்பார். போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா என்னும் ஊரில் 1520-இல் பிறந்து, 1546-இல் கோவையடைந்து (இது மேலைக் கடற்கரைக் கோவா, நம் கொங்குநாட்டுக் கோவையன்று), மறு ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். 1548 அக்டோபர் 31-ஆம் நாள் வேம்பாற்றிலிருந்து இலொயோலா இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய மடல், தமிழ் வினையாராய்ச்சி வரலாற்றில் ஒரு மூல ஆவணம். தாம் தமிழ் கற்ற முறையை அதில் விளக்குகின்றார். இலத்தீனில் வினைத்திரிபுகளைக் கற்பது போலவே தமிழ் வினைகளையும் திரித்துத் திரித்து எழுதிக்கொண்டதாகவும், இறந்தகாலம் எதிர்காலம் முதலிய வடிவங்களைத் திரட்டுதற்குப் பெரும்பாடு பட்டதாகவும், வேற்றுமைகளையும் சொற்கள் தொடரில் நிற்கும் முறையையும் அவ்வாறே ஆராய்ந்ததாகவும் அம்மடல் கூறுகின்றது. அவ்வுழைப்பின் பயனாக 1549-ஆம் ஆண்டளவில் உருவாயது அவரது தமிழிலக்கணம். போர்த்துக்கீசிய மொழியில் எழுதப்பட்ட அந்நூலின் பெயரில் தமிழ், அக்கால ஐரோப்பியர் வழக்குப்படி, 'மலபார் மொழி' எனப்படுகின்றது. நூலின் பெரும்பகுதியை நிரப்புவன வினைத்திரிபுகளே.

இறந்தகாலத்தைத் திரட்டுதற்குப் பெரும்பாடு பட்டதேன்? இதற்கு விடைகாண, அவர் தம்மோடு கொண்டுவந்த இலக்கண அச்சு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். இலத்தீன் அறியாதார் யோவான் தெ பாரோசு 1540-இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணத்தையேனும் கற்றபின் தம் நூலைக் கற்கவேண்டும் என்பது அடிகளாரின் கருத்து. அப்போர்த்துக்கீசிய மரபுக்கு மூத்தது இசுப்பானிய மரபு. கொலம்பசு கடலோடிய அதே 1492-ஆம் ஆண்டில் அந்தோனியோ தெ நெபிரிகா சலமாங்கா நகரில் காசுத்தீலிய மொழிக்கு இலக்கணம் வெளியிட்டார். வினைத்திரிபில் இவ்விரு மொழிகளும் உடன்பிறந்தவை. ஆதலின் மூத்ததாகிய இசுப்பானியத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வாம்.

இசுப்பானிய வினைகள் எல்லாம், அவற்றின் பெயரளவான வடிவின் ஈறு நோக்கி, 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என மூன்று வகுப்பினுள் அடங்கும். பேசுதலைக் குறிக்கும் 'ஆப்லார்' முதல் வகுப்பினது. ஈற்று 'ஆரை' நீக்கி, எஞ்சிய பகுதியோடு ஆறு விகுதிகளைச் சேர்த்தால் இறந்தகாலம் முற்றுப்பெறும்: ஆப்லே (பேசினேன்), ஆப்லாஸ்தே (பேசினாய்), ஆப்லோ (பேசினான், பேசினாள், பேசிற்று), ஆப்லாமோஸ் (பேசினோம்), ஆப்லாஸ்தெய்ஸ் (பேசினீர்கள்), ஆப்லாரோன் (பேசினார்கள், பேசின). உண்ணுதலைக் குறிக்கும் 'கோமேர்' இரண்டாம் வகுப்பு. அது கோமீ, கோமிஸ்தே, கோமியோ, கோமிமோஸ், கோமிஸ்தெய்ஸ், கோமியேரோன் எனத் திரியும். வாழ்தற் பொருளதாகிய 'பிபீர்' மூன்றாம் வகுப்பினதாயினும் இறந்தகாலத்தில் இரண்டாம் வகுப்பின் விகுதிகளையே ஏற்கும். படர்க்கையில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. 'ஆப்லாமோஸ்' என்பது நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் பொது. இடம் நோக்கியே காலம் உணரவேண்டும். 'ஆப்லோ' என்பதில் முதலசையை அழுத்திச் சொன்னால் 'பேசுகிறேன்' என்றும், ஈற்றசையை அழுத்திச் சொன்னால் 'பேசினான்' என்றும் பொருள்படும். அழுத்தத்தால் பொருள் வேறுபடாத தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் இடறும் இடம் இது.

இம்மொழியில் 'ஒழுங்கு' என்பதன் பொருள் யாதெனின், பெயரளவான வடிவை அறிந்தான் இறந்தகாலத்தையும் அறிந்தானாவன் என்பதே. விலக்குகள் உண்டு. 'தேனேர்' (உடைத்தாயிருத்தல்) என்பதன் தன்மை இறந்தகாலம் 'தூவே' என வரும். 'செர்' (இருத்தல்), 'ஈர்' (செல்லுதல்) என்னும் இரண்டும் 'ஃபுய்' என ஒரே வடிவெடுத்து, 'இருந்தேன்' எனவும் 'சென்றேன்' எனவும் நிற்கும். ஆயினும் விலக்குகளை எண்ணி மனங்கொள்ளலாம். எஞ்சிய ஆயிரக்கணக்கான வினைகள் விதிக்கு அடங்கும்.

இனித் தமிழுக்கு வருவாம். மேற்காட்டிய இசுப்பானிய வடிவங்களில் காலங்காட்டும் உறுப்பு எது, இடங்காட்டும் உறுப்பு எது எனப் பிரிக்க இயலாது. 'ஆப்லே' என்பதன் ஈற்று ஏகாரம் தன்மையையும் ஒருமையையும் இறந்தகாலத்தையும் ஒருங்கே காட்டுகின்றது. இலத்தீனில் நிலை சற்று வேறு. அங்கு 'அமாவி' (அன்பு செய்தேன்) என்பதில் வகரம் காலத்தையும் இகரம் தன்மை ஒருமையையும் காட்டின. வகரம் தேய்ந்து மறைய, 'அமாய்' என்றாகிப் பின் 'அமே' என இசுப்பானியத்தில் நின்றது. தேய்ந்த இடைநிலையின் சுமை விகுதியின் தலைமேல் ஏறிற்று. தமிழிலோ இடைநிலை தேயாது நிற்கின்றது. பேசு+இன்+ஏன், உண்+ட்+ஏன், தின்+ற்+ஏன், செய்+த்+ஏன் எனப் பகுதி, இடைநிலை, விகுதி மூன்றும் பளிச்செனப் பிரியும். த், ட், ற், இன் என்னும் நான்குமே இறந்தகால இடைநிலைகள் என 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தியார் வரையறுத்தார். விகுதிகளைத் தனியே எண்ணினார். உளப்பாட்டுத் தன்மைப் பன்மையில் முன்னிலையாரை உளப்படுத்தும் 'அம், ஆம்' என்பவற்றையும், படர்க்கையாரை உளப்படுத்தும் 'எம், ஏம், ஓம்' என்பவற்றையும் வேறு பிரித்தார். நெபிரிகாவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டு முற்பட்ட இப்பகுப்பு முறையின் நுட்பத்தை எவ்வளவு புகழினும் தகும். ஒரு வினையின் ஓர் இறந்தகால வடிவை அறிந்தால் எல்லா இடத்துக்கும் பாலுக்கும் உரிய வடிவங்களை அமைத்துவிடலாம் என்பது இப்பகுப்பின் நேர்விளைவு. 'உண்டேன்' அறிந்தவன் உண்டாய், உண்டான், உண்டாள், உண்டார் அனைத்தும் அறிந்தவனே. இவ்வகையில் தமிழ் வினை இசுப்பானிய வினையினும் ஒழுங்குடையது.

ஆயினும் அவ்வோர் இறந்தகால வடிவை அறிவது எங்ஙனம்? நன்னூலார் எல்லாப் பகுதிகளும் அடங்குமாறு 23 முன்மாதிரி வினைகளை ஓதினார். அவை ஈற்றெழுத்து நோக்கி அமைந்தவை. ஈற்றெழுத்தோ இடைநிலையைத் தீர்மானிப்பதில்லை. 'விடு' விட்டான் ஆகும். 'எடு' எடுத்தான் ஆகும். 'பெறு' பெற்றான், 'பொறு' பொறுத்தான். 'செய்' செய்தான், 'காய்' காய்ந்தது, அதே காய் என்பது மரத்துக்கு ஆகுங்கால் காய்த்தது. 'தொடு' என்பதற்குத் தொட்டான், தொடுத்தான் என இரண்டும் உண்டு. 'படு' என்பதற்குப் பட்டான், படுத்தான். 'மடி' என்பதற்கு மடிந்தான், மடித்தான். தல், த்தல் என்னும் தொழிற்பெயர் ஈறுகளைக் கொண்டு மடிதல், மடித்தல் எனப் பிரித்து ஓரளவு வழிகாணலாம். அதுவும் முற்றும் உதவாது. நடத்தல், அடித்தல் இரண்டும் ஒரே ஈற்றின. இறந்தகாலத்தில் ஒன்று நடந்தான், மற்றொன்று அடித்தான். செய்தல், காய்தல் இரண்டும் ஒரே ஈற்றின. ஒன்று செய்தான், மற்றொன்று காய்ந்தான்.

'நடந்தான்' என்பதனை நட+த்+த்+ஆன் எனப் பிரித்து, சந்தித் தகரம் நகரமானது விகாரம் என உரைப்பது பள்ளி மாணவரும் அறிந்த முறை. விகாரம் எனப் பெயரிட்டமையால் நிகழ்ந்தது விளங்குமேயன்றி, 'நட' என்னும் பகுதியில் அது நிகழ்வதும் 'அடி' என்னும் பகுதியில் நிகழாமையும் விளங்கா. இதனை நன்னூலாரின் குறையெனல் தகாது. அவர் எழுதியது தமிழறிந்தார்க்கு. தாய்ப்பாலொடு தமிழ் பருகியவன் 'விடுத்தான்', 'எட்டான்' என மயங்குவதில்லை. அவனுக்கு வேண்டுவது தான் முன்பே அறிந்த வடிவத்தின் உறுப்பிலக்கணம். அதனை நன்னூல் நிறைவாகத் தருகின்றது. அறியாத வடிவத்தை ஆக்கிக்கொள்ளும் வழி வேண்டுபவன் வேறொருவன்.

1548-இல் வேம்பாற்றில் அமர்ந்திருந்தவர் அவ்வேறொருவர். இறந்தகாலத்தைத் திரட்டுவதிலே அவர் பட்ட பாடு, தமிழறியாமையால் வந்ததென்று சொல்லித் தள்ளத்தக்கதன்று. தமிழ் வினையமைப்பில் உண்மையாகவே உள்ள ஒரு முடிச்சில் அவர் கை பட்டதால் வந்தது. ஐபீரிய அச்சு அவருக்கு ஒரு வினாவைத் தந்தது: 'இவ்வினை எவ்வகுப்பினது?' என்னும் வினா. நம் மரபு அவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்பவேண்டிய தேவையும் அதற்கு நேரவில்லை. பாதிரியார் இலக்கணங்கள் தமிழை இலத்தீன் சட்டைக்குள் திணித்தன என நம்மவர் கூறிவரும் குற்றச்சாட்டு முழுதும் பொய்யன்று. ஆனால் அதனோடு நின்றுவிடுவது நடுநிலையாகாது என்பதே என் துணிபு.

சட்டை பொருந்தாத இடங்களையும் சொல்லவேண்டும். இசுப்பானியத்தில் இறந்தகாலம் இரண்டு. முடிந்த செயலுக்கு 'ஆப்லே'. வழக்கமாயும் தொடர்ச்சியாயும் நிகழ்ந்த செயலுக்கு 'ஆப்லாபா'. போர்த்துக்கீசியமும் அவ்வாறே. இதற்கு முற்பட்ட இறப்பைக் காட்டும் மூன்றாவதொரு காலமும் அவ்விலக்கணங்களில் உண்டு. இவ்வறைகளையெல்லாம் தமிழ் வடிவங்களால் நிரப்பப் புகுவார்க்கு இடர்ப்பாடு தோன்றுவது இயல்பு. தமிழில் 'பேசினேன்' என்னும் ஒன்றே பெரும்பாலும் அனைத்துக்கும் பொது. தொடர்ச்சி வேண்டின் 'பேசிக்கொண்டிருந்தேன்' என்றும், முற்பட்ட இறப்பு வேண்டின் 'பேசியிருந்தேன்' என்றும் துணைவினையால் கூறுவோம். இவை தனிக்காலங்கள் அல்ல. இறந்தகால வழக்கத்தைக் கூறத் தமிழர் கையாளும் வடிவமோ பிறமொழியாளரைத் திகைக்கச் செய்வது. 'சிறுவயதில் கோடைதோறும் கிணற்றில் குளிப்போம்' என்கிறோம். நிகழ்ந்தது இறந்தகாலம், வினைமுற்றோ எதிர்கால இடைநிலை கொண்டது. 'ஆப்லாபா' நிற்கவேண்டிய அறையில் தமிழுக்குப் 'பேசுவேன்' நிற்றல் வேண்டும்! ஐபீரிய வாய்பாட்டை வரிசையாக நிரப்பிச் செல்பவர் இதனைத் தவறவிடுவர். இன்று இசுப்பானியம் பயிலும் தமிழ் மாணவரும் எதிர்ப்புறத்திலிருந்து வந்து இதே பள்ளத்தில் விழுகின்றனர். முடிந்த செயலுக்கும் வழக்கச் செயலுக்கும் ஒரே இறந்தகாலத்தை எழுதிவிடுகின்றனர். 'பேசினேன்' என மாற்றிச் சொல்லக்கூடியதா, 'பேசுவேன்' என மாற்றிச் சொல்லக்கூடியதா எனத் தமிழிலேயே சோதித்துக்கொண்டால் அம்மயக்கம் பெரும்பாலும் தீரும்.

நிற்க. அடிகளாரின் நூல் புலவர் வழக்கை நோக்கியதன்று. கடற்கரை மக்களின் பேச்சுவழக்கைக் கற்பிக்க எழுந்தது. பேச்சுவழக்கின் இறந்தகாலம் தனக்கெனச் சில விதிகளை உடையது. வேம்பாற்றுக் கடற்கரைக்கு வடமேற்கே, பேருந்தில் சில மணி நேரத் தொலைவில், விருதுநகர் மாவட்டத்துக் கரிசற் சிற்றூர்களும் சிவகாசியைச் சூழ்ந்த பட்டாசுத் தொழிலூர்களும் உள்ளன. அச்சங்குளம் அவற்றுள் ஒன்று. அவ்வட்டாரத்து நாள்வழக்குகளைக் கேட்டால், இறந்தகால ஒழுங்கு இன்றும் உருவாகிக்கொண்டிருத்தலை அறியலாம்.

வெடித்தது 'வெடிச்சது' ஆகும். திரியை அடைத்தேன் 'அடைச்சேன்' ஆகும். மருந்து காய்ந்தது 'காஞ்சது' ஆகும். நனைந்தது 'நனைஞ்சது' ஆகும். ஆனால் எடுத்தேன் 'எடுச்சேன்' ஆவதில்லை. கலந்தேன் 'கலஞ்சேன்' ஆவதில்லை. இடைநிலைக்கு முன் இகரமோ ஐகாரமோ யகரமோ நின்றால் தகரம் சகரமாகவும், நகரம் ஞகரமாகவும் அண்ணச்சாயல் பெறும்; பிறவிடத்துப் பெறாது. இதனைக் கொச்சை எனக் கூறி ஒதுக்குவோர் இதன் விதியொழுங்கை நோக்குவாரல்லர். இவ்விதி தமிழகத்தின் பெரும்பகுதிக்கும் பொது.

மற்றொரு வழக்கு இதனினும் ஆழமானது. மேற்கூறிய விதிப்படி 'செய்தேன்' என்பது 'செய்ச்சேன்' என்பது போன்றதொரு வடிவம் பெறுதல் வேண்டும். மக்கள் சொல்வதோ 'செஞ்சேன்'. மழை பெய்தது 'பேஞ்சது'. வைதான் என்பது தென்பாண்டி நாட்டில் 'வஞ்சான்'. ஞகரம் தோன்றவேண்டுமாயின் அதற்கு முன்வடிவில் நகரம் இருந்திருத்தல் வேண்டும். அஃதாவது செய், பெய், வை என்பன 'காய்ந்தது' என்பதன் வகுப்பிற் சேர்க்கப்பட்டுவிட்டன. தகர இடைநிலையை வல்லெழுத்து மிகாமலும் மெலியாமலும் ஏற்கும் யகர ஐகார ஈற்று வினைகள் மிகச் சிலவே. அச்சிறுவகுப்பைப் பேச்சுவழக்கு, அருகில் இருந்த பெருவகுப்போடு கரைத்துவிட்டது. இலக்கணம் எழுதாமலே மக்கள் வினைகளை வகுப்பு மாற்றி ஒழுங்குபடுத்துகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஒன்றன்பால் முற்றிலும் இந்நிகழ்ச்சி உண்டு. போயிற்று 'போச்சு' என்றும், ஆயிற்று 'ஆச்சு' என்றும் ஆயின. இவை 'இற்று' என்னும் பழைய ஈற்றின் வழிவந்தவை. வந்தது, வெடித்தது என்பவற்றுக்கு அவ்வீறு உரியதன்று. அவ்வாறாகவும் 'வந்துச்சு', 'வெடிச்சுச்சு', 'மழை பேஞ்சுச்சு' எனக் கேட்கின்றோம். ஒரு வகுப்பின் ஈறு தன் எல்லையைக் கடந்து ஒன்றன்பால் இறந்தகாலத்துக்கே பொதுவிகுதியாகி வருகின்றது. அச்சங்குளத்தில் 'நனைஞ்சிருச்சு' எனக் கூறும் கூலித்தொழிலாளியின் ஒரு சொல்லில், இருவேறு காலத்து இலக்கண மாற்றங்கள் அடுக்கி நிற்கின்றன.

இவற்றால் 'ஒழுங்கு வினை' என்பதற்குத் தமிழில் எதனைக் கொள்வது என்னும் வினா மீண்டும் எழுகின்றது. இசுப்பானியம் இதற்கு ஓர் உரைகல் தருகின்றது. அம்மொழியில் புதிதாய்ப் பிறக்கும் வினைகள் முதல் வகுப்பாகிய 'ஆர்' ஈற்றையே ஏற்கின்றன. ஏனைய இரண்டும் பெரும்பாலும் கதவடைத்த வகுப்புகள். தமிழிலும் அவ்வுரைகல்லை வைத்து நோக்கலாம். வடமொழியிலிருந்து வந்த வினைகள் தியானித்தேன், விசுவசித்தேன், யோசித்தேன் என இகர ஈறும் இரட்டித்த தகரமும் பெற்றன. இக்காலத்தில் ஆங்கிலச் சொற்கள் பெயராகவே நின்று, 'பண்ணு' என்னும் துணைவினை கொண்டு 'போன் பண்ணினேன்' என 'இன்' வகுப்பினுள் நுழைகின்றன. உண்டேன், தின்றேன், கேட்டேன், கற்றேன், பெற்றேன் என்பன அன்றாட வழக்கின் உயிர்நாடியாயினும் அவ்வகுப்புகள் புதியவரை ஏற்பதில்லை. ஆகலின் தமிழில் ஒழுங்குடைய இறந்தகாலம் என்னத்தக்கவை 'த்த்' வகுப்பும் 'இன்' வகுப்புமே எனக் கொள்வது பொருந்தும். சவேரியார் 'விசுவாசம்' என்னும் பெயரோடு நின்றார். அப்பெயரின் வழிவந்த 'விசுவசி' என்னும் வினை தமிழின் திறந்த வகுப்பொன்றினுள் புகுந்து, எல்லா இடத்தும் காலத்தும் தடையின்றித் திரியும் ஆற்றல் பெற்றது.

வேம்பாற்றில் எழுந்த வினா பின்வந்தார் நூல்களில் தொடர்ந்தது. சீகன்பால்கு ஐயரின் இலத்தீன்வழித் தமிழிலக்கணம் 1716-இல் ஆலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு 1728-இல் இலத்தீனில் இலக்கணம் வகுத்தார். அவரே 1730-இல் தொன்னூல் விளக்கத்தை நம் மரபுவழித் தமிழில் செய்தார். யாருக்கு எழுதுகிறோம் என்பதை நோக்கி இருவேறு இலக்கணம் வேண்டும் என்பதனை அவரைப்போல் உணர்ந்தார் பிறரிலர். கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், புகு 'புக்கு' ஆவதும் இடு 'இட்டு' ஆவதும் போல ஈற்றுமெய் இரட்டித்து இறந்தகாலம் தோன்றுதலைத் தனித்து ஆராய்ந்தார்.

அகராதிகளில் இதன் பயன் கண்கூடு. வின்சுலோவின் 1862-ஆம் ஆண்டு அகராதி, வினைப்பகுதியை அடுத்துக் கிறேன், த்தேன், ப்பேன் என முக்காலத் தன்மை ஈறுகளையும் செயவென் எச்சத்தையும் பொறித்தது. 1924 முதல் 1936 முடிய ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, ஒவ்வொரு வினைக்கும் வகுப்பெண் இட்டது. பரோவும் எமனோவும் 1961-இல் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி தமிழ் வினைகளின் எதிர்கால, இறந்தகால இடைநிலைகளைப் பிறைக்குறிக்குள் தந்தது. 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, தமிழர்க்கெனத் தமிழிலேயே பொருளுரைப்பதாயிருந்தும், 'வர, வந்து' என்றாற்போல இரண்டு எச்சங்களை ஒவ்வொரு வினைக்கும் காட்டுகின்றது. அவ்விரண்டாவது எச்சம் இறந்தகால எச்சம். வேம்பாற்றுத் துறவி தேடித் திரட்டிய அதே வடிவம், இன்று தமிழர் தம் மொழியின் அகராதியிலேயே தலைச்சொல்லின் அருகில் இடம்பெற்றுவிட்டது.

பள்ளி இலக்கண நூல்கள் மட்டும் இதனை இன்னும் ஏற்கவில்லை. பகுபத உறுப்புகளைப் பிரிக்கக் கற்பிக்கின்றோம், சேர்க்கக் கற்பிப்பதில்லை. தமிழைப் பேசாத வீடுகளில் வளரும் அயல்நாட்டுத் தமிழ்க் குழந்தைகள் பெருகிவிட்டனர். வடமாநிலங்களிலிருந்து தமிழகம் வந்து உழைக்கும் தொழிலாளர்கள் செவிவழியே தமிழ் கற்கின்றனர். இவர்களுக்கு 'நடந்தான்' என்பதன் விகாரத்தை விளக்குமுன், 'நட' என்பது எவ்வகுப்பினது எனச் சொல்லும் பட்டியல் தேவை. நன்னூலின் 23 முன்மாதிரிகளோடு, இறந்தகால இடைநிலை நோக்கிய முன்மாதிரிகளையும் அடுத்துவைத்து ஒரு வாய்பாடு அமைப்பதில் மரபுக்கு இழுக்கொன்றும் இல்லை.

அடிகளார் 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தையும், 1579-இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கத்தையும், 1586-இல் அடியார் வரலாற்றையும் தமிழெழுத்தில் அச்சேற்றி, 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தார். அவர் தமிழ் கற்பிக்க எழுதிய இலக்கணமோ அச்சேறவில்லை. இலிசுபன் தேசிய நூலகத்தில் கையெழுத்துப் படியாகவே கிடந்தது. தனிநாயக அடிகள் ஐரோப்பிய நூலகங்களிலுள்ள பழந்தமிழ்ச் சுவடிகளைத் தமிழுலகுக்கு உணர்த்திய பின்னரே நம் கவனம் அங்குத் திரும்பியது. 1982-இல் ஃவெர்மியர் என்னும் செருமானிய அறிஞர் அதனைப் பதிப்பித்தார். 2013-இல் சீன் ஐனும் வி. எசு. இராசமும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் ஆராய்ச்சியோடும் ஆர்வார்டு கீழ்த்திசை வரிசையில் வெளியிட்டனர். அந்நூலின் வினைப்பகுதிக்குத் தமிழில் ஒரு பதிப்பு எழுந்து, அதிலுள்ள இறந்தகால வடிவங்கள் ஒவ்வொன்றும் வேம்பாறு முதல் அச்சங்குளம் வரையுள்ள இன்றைய வழக்கோடு வைத்து ஒப்பிடப்படின், 'செய்தேன்' எனும் சொல் 'செஞ்சேன்' ஆகிய காலத்தையேனும் ஒரு நூற்றாண்டெல்லைக்குள் வரையறுக்கலாம்.